காத்தாயி கேட்ட ஏழாம் பக்கம்

அந்தப் பத்திரிகையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கு இன்னும் நாலு பிரதி விற்றுக்கொடுத்த பாவம் என் தலையில் விழும். ஞாயிற்றுக்கிழமை வரும் சிங்களப் பத்திரிகை. பாதி அளவுத் தாள், முதற்பக்கத்தில் கொட்டை கொட்டையாகச் சிவப்பு எழுத்து. மாத்தளை பஸ் நிலையத்தில் பத்து மணிக்கு முன்பே தீர்ந்துவிடும். அதை முண்டியடித்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லாமல் காத்தாயியின் கதையைத் தொடங்கினால் நான் பெரிய யோக்கியன் போல் ஆகிவிடும்.

என் பெயர் ஸக்கரியா. மாத்தளையில் சட்டத்தரணி சுந்தரலிங்கம் ஐயாவிடம் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தேன். பெட்டிசன் எழுதுவதும், தமிழைச் சிங்களமாக்கிச் சிங்களத்தைத் தமிழாக்குவதும் என் வேலை. கும்பிட்டு அழுகிறவர்கள், பொய் சொல்லிவிட்டு வெற்றிலை போடுகிறவர்கள், உண்மையைச் சொல்லவே கூசுகிறவர்கள் என்று எத்தனையோ பேர் எங்கள் கந்தோர்ப் படியேறி வந்திருக்கிறார்கள். காத்தாயியைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை.

அவள் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, படித்த எழுத்தும் மறந்துபோனது. எழுபத்துநாலில் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்தபோது அவளுக்குப் பதினொரு வயது. கைக்குழந்தையாக இருந்த தம்பி அந்தப் பஞ்சத்தில் போனான். எண்பத்துமூன்றில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்த வாரம், அடுத்தது தோட்டம்தான் என்று யாரோ சொல்ல, லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுவதும் ஏலக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தது. மூன்றாம் நாள் அவள்தான் தனியாக இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, கீழே யாரும் இல்லை, பிள்ளைகளுக்குச் சோறாக்குங்கள் என்று சொன்னாள். அப்போது அவளுக்கு இருபது வயது, முத்துவீரனைக் கல்யாணம் செய்து ஆறு மாதம்.

நாடற்றவர்கள் என்று வைத்திருந்த தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்த பிரஜாவுரிமைத் தாள் அவள் கைக்கு வர இன்னும் ஐந்து வருடம் ஆனது. நாட்டில் பிறந்தவள் என்று ஒரு தாள் சொல்லும்வரை அவள் பிறக்காதவள். தாள் என்ன செய்யும் என்பது வாசிக்கத் தெரிந்த எனக்குத் தெரிந்ததைவிட வாசிக்கத் தெரியாத அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தோட்டத்தில் அவளுக்கு ராங்கிக்காரி என்று பேர். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் கூடையை இறக்கமாட்டாள்.

"நான்தான் சொல்றேன்ல, பதினாறு கிலோ" என்பார் கணக்கப்பிள்ளை.

"நீங்க சொல்றது இருக்கட்டுங்க. முள்ளு என்னா சொல்லுது?" என்பாள்.

இரண்டாயிரத்து ஏழு மாசி மாதம். வடக்கில் தமிழ் இயக்கத்தோடு யுத்தம் நடக்க, சோதனைச் சாவடியும் அடையாள அட்டையுமாக நாடு இருந்த நேரம். எது எப்படியிருந்தாலும் தோட்டத்தில் காமன் கூத்து நிற்காது. நான் முஸ்லிம், இந்த விவரமெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்ததுதான். மூன்றாம் பிறையன்று காமனுக்குக் கம்பம் ஊன்றுவார்கள். சிவன் கோபத்தில் காமன் எரிந்துபோவதையும், ரதி விழுந்து அழுவதையும் ஆடிக் காட்டி, பௌர்ணமியன்று எரிப்பார்கள். வேடம் கட்டுகிறவர்கள் அதுவரை கையில் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. முத்துவீரன் பதினெட்டு வருடமாக வீரபத்திரன் வேடம் கட்டுகிறவன். மற்ற நாட்களில் உரம் சுமக்கிறவன், வாயில்லாப் பூச்சி.

கம்பம் ஊன்றிய மறுநாள் பின்னேரம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் ஐந்து பேர் வேடத்தோடு ஆடிப் பார்த்திருக்கிறார்கள். முகத்தில் பச்சையும் கறுப்பும் பூச்சு. கையில் மரவாள். பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் இருக்கும் ஈயத்தாளை உரித்து ஒட்டியதால் வாள் பளபளவென்று மின்னும். ரிவர்ஸ்டன் பனியைப் படம் பிடிக்க வந்த ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். இரண்டு படம் எடுத்தான். ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காத்தாயி கொடுத்த தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை முதற்பக்கத்தில் அந்தப் படம். 'ரிவர்ஸ்டன் காட்டில் இரகசியப் பயிற்சி முகாம். முகத்தில் காட்டு வர்ணம், கையில் ஆயுதம்.'

ரவூபின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து நான்தான் அதை உரக்க வாசித்தேன். "பாத்தியா ரவூப், நம்ம மலைக்கே வந்துட்டானுகள்" என்று சொன்னதும் நான்தான். படத்தில் பின்னால் கொழுந்து மடுவத்தின் தகரக் கூரை தெரிந்தது. காட்டு முகாமில் மடுவம் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடம் சாட்சியங்களைக் குடைந்தவன் என்ற திமிர் வேறு எனக்கு. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பொலிஸ் வந்தது. படத்தில் முகம் தெளிவாக விழுந்தது முத்துவீரனுக்கு மட்டும்தான். ஸ்டேசனுக்கு வந்து வாக்குமூலம் கொடு என்றார்கள். அவன் கையைக் காட்டி, காப்புக் கட்டியிருக்கிறேன், பௌர்ணமி முடியும்வரை எல்லை தாண்ட முடியாது, சத்தியம் என்றான். வேறு யாராவது இருந்தால் சத்தம் போடாமல் ஜீப்பில் ஏறியிருப்பான். இவன் சாமிக்குச் சொன்ன சொல்லைப் பொலிஸுக்கும் சொல்லிவிட்டான். அவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்: சந்தேக நபர் சத்தியம் செய்திருப்பதாகவும், குறித்த நாள்வரை இடத்தைவிட்டு வரமுடியாது என்றும் கூறினார். அன்று என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். எரிப்போம் என்றான். அதையும் எழுதிக்கொண்டு அவனைத் தூக்கி ஏற்றினார்கள்.

வேடச் சாக்கை அவிழ்த்துப் பார்த்த கான்ஸ்டபிள் ஒருவன் மரவாளை எடுத்து மற்றவன் முதுகில் தட்டிச் சிரித்தானாம். மரம் என்று தெரிந்து சிரித்தவர்கள்தான் மனிதனையும் கொண்டுபோனார்கள். 

செவ்வாய்க்கிழமை காத்தாயி எங்கள் கந்தோருக்கு வந்தாள். சுந்தரலிங்கம் ஐயா நல்ல மனிதர், ஆனால் காலம் அறிந்து நடப்பவர்.

"இங்க பாரும்மா, கொழும்புல இருந்து கேக்கிறாங்க. அடுத்த புதன்கிழமை தெற்கில இருக்கிற தடுப்பு முகாமுக்கு அனுப்பிடுவாங்க. அங்க போனா எப்ப வருவான்னு யாருக்கும் தெரியாது. தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிக்குங்க, இனி இந்த வேடம் கட்டமாட்டேன்னு ஒரு கடிதம் கொடுப்போம். நானே போய்ப் பேசுறேன்."

"என்னாத்த தெரியாம செஞ்சாரு?" என்று கேட்டாள்.

ஐயா கடிதத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"மன்னிப்பு கேட்டா பேப்பர்ல போட்டது நெசம்னு ஆயிரும்ங்க. பெறகு வருசா வருசம் வருவாங்க. கையெழுத்து வைக்க மாட்டோம்."

"உன் புருசன் உசிரு முக்கியமா, கூத்து முக்கியமா?"

"அவரு உசிருதாங்க முக்கியம். அதுக்காகத்தான் சொல்றேன்."

தொழிற்சங்கத் தலைவரும் அதே கடிதத்தைத்தான் கொடுக்கச் சொன்னார். தோட்டத்து மானேஜர் துரையும் அதையேதான் சொன்னார். இவள் எல்லோரிடமும் ஒரே மாதிரித் தலையை ஆட்டி மறுத்தாள். படியிறங்கும்போது, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி நானா என்று கூப்பிட்டு என்னிடம் கேட்டாள்.

"நானா, அந்தப் பேப்பரு கெடைக்குமா?"

"எதுக்கு? அதுல என்ன இருக்கின்னுதான் தெரியுமே."

"எனக்குத் தெரியாதுங்களே. நீங்க வாசிச்சீங்க, ஐயா வாசிச்சாரு, தொரை வாசிச்சாரு. நான் கேக்கவே இல்ல. முழுசா வாசிச்சுக் காட்டுங்க."

ரவூபின் கடையில் வடை சுற்றக் கிழித்துக்கொண்டிருந்த பழைய பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து ஒரு முழுப் பிரதியைத் தேடி எடுத்தேன். கந்தோர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். முதற்பக்கம் முடிந்ததும், "யாரு பார்த்தாங்கன்னு போட்டிருக்கா?" என்றாள். நம்பத்தகுந்த வட்டாரங்கள் என்று போட்டிருக்கிறது என்றேன். "அது யாரு வீட்டுப் புள்ள?" என்றாள்.

மூன்றாம் பக்கத்தில், பல்லேபொலவில் ஒரு வீட்டுக் கிணற்றில் பால் ஊறுவதாக இருந்தது. வீட்டுக்காரர் பெயரும் இருந்தது.

"அந்த வீட்டுலதான் எங்க நாத்தனா மிளகு காய வைக்கிற வேலைக்குப் போகுது" என்றாள். "போன கெழம வந்து, கெணத்துல தண்ணி வத்திப்போச்சுன்னு பொலம்பிட்டுப் போச்சு. பாலு ஊறுனா சொல்லியிருக்காதா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஐந்தாம் பக்கத்தில் நாலந்தாவில் இரண்டு தலைப் பாம்பு. ஆறில் ராசி பலன். நான் தாளைப் புரட்டினேன்.

"ஏன் நானா, ஒண்ணை விட்டுட்டுத் திருப்புறீங்க?"

எழுத்துத் தெரியாதவள், என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏழாம் பக்கத்தில் எங்கள் பக்கத்துப் பொலிஸைப் பற்றித்தான் இருந்தது. சாவடியில் லொறிகளை மறித்து, லொறிக்கு ஒரு மூட்டை மிளகு இறக்குகிறார்கள் என்றும், பொறுப்பதிகாரியின் வீட்டுக்குப் பின்னால் மிளகு மலை போல் குவிந்திருக்கிறது என்றும் போட்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பத்திரிகை இன்னும் மேலே போனது. 'பௌர்ணமியன்று எரிப்போம். சந்தேக நபர் வாக்குமூலம். காமன் என்ற தலைவன் எங்கே?' ரத்தோட்டைச் சந்தியில் இரண்டு கடைக்காரர்கள் சாமான்களை ஏற்றி உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோட்டத்துப் பெண்கள் கடைக்குப் போனால் முகம் திருப்பினார்கள். செவ்வாய் பௌர்ணமி. புதன் முகாம். மிச்சம் இருந்தது திங்கட்கிழமை மட்டும்தான்.

அன்று காலை பொறுப்பதிகாரி அவளைப் பார்க்கச் சம்மதித்தார். ஐயா வழக்கொன்று இருக்கிறது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார். வழக்கு இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. பக்கத்து அறையில் முத்துவீரனைக் காட்டினார்கள். உதடு கிழிந்திருந்தது. காப்பைக் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். அவள் உதட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். வெறும் மணிக்கட்டைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பொறுப்பதிகாரி கத்திப் பேசுகிற ஆள் இல்லை. மேசையில் ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே இருந்தது அவர்கள் எழுதிய வாக்குமூலத் தாள் ஒன்று, அந்தப் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டுகள் இரண்டு. வேறு ஒன்றுமில்லை. ஒரு மனிதனின் ஆயுளைத் தூக்கிப்போக அது போதும் என்று இருந்த காலம் அது.

"நான் என்ன செய்ய?" என்றார் சிங்களத்தில். "பேப்பரில் வந்துவிட்டதே. நாடு முழுக்க வாசித்துவிட்டது. நான் விட்டால் நாளைக்கு என்னைப் பற்றிப் போடுவான்."

நான் தமிழில் சொன்னேன். அவள் கேட்டாள்: "பேப்பர்ல வந்தா நெசந்தானான்னு கேளுங்க நானா."

கேட்டேன். "படம் இருக்கிறது, வாக்குமூலம் இருக்கிறது" என்றார். "அவர்களுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். விசாரிக்காமல் போடுவார்களா?"

காத்தாயி இடுப்பிலிருந்து அந்த நாலு மடிப்பை எடுத்து மேசையில் விரித்தாள். வடை எண்ணெய் ஒரு மூலையில் ஊறியிருந்தது. ஏழாம் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுவும் அதே பேப்பரு, அதே ஞாயித்துக்கெழம. விசாரிக்காம போடுவாங்களான்னு கேளுங்க."

 வெட்டிய துண்டு மட்டும்தான் அவர் ஃபைலுக்குப் போயிருக்கிறது. மிச்சத்தை யாரும் அவரிடம் காட்டத் துணியவில்லை போலும். அவர் கண் வரி வரியாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்க்க வேண்டியவன் வாயைத் திறக்கவில்லை. மூன்று பிள்ளைகள், மாத்தளையில் சொந்த வீடு, ரத்தோட்டையில் ஒரு துண்டு மிளகுத் தோட்டம். எல்லாம் அந்த நொடியில் என் கண்முன் வந்து நின்றன.

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அவளே பேசினாள், தோட்டத்துக் கடையில் சீனி வாங்கப் பழகிய சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து.

"மாத்தயா, முதல் பக்கம் உண்மையா? அப்போ இதுவும் உண்மை. இதுக்கும் ஃபைல் திறங்க. என் புருசனோட சேர்த்துக் கொழும்புக்கு அனுப்புங்க."

பொறுப்பதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். காது வரை சிவந்துவிட்டது.

"பொய்! அத்தனையும் பொய்! எந்த நாய் என் வீட்டுக்கு வந்து பார்த்தான்? இது குப்பைப் பேப்பர். இதை நம்புகிறவனுக்கு மூளை இருக்கிறதா?"

"இல்ல மாத்தயா" என்றாள் காத்தாயி. "அதை எழுதுங்க."

 வாசலில் நின்ற கான்ஸ்டபிள் கூரையைப் பார்த்தான். இப்போது இவளையும் உள்ளே தள்ளப்போகிறார், பின்னாலேயே என்னையும் தள்ளப்போகிறார் என்று நான் கலிமா ஓதத் தொடங்கிவிட்டேன்.

அவர் அவளை முறைத்துக்கொண்டு நின்றார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கும்பிடவும் இல்லை. கடைசியில் அவர்தான் உட்கார்ந்தார்.

"என்ன எழுத வேண்டும்?"

"எங்க பெரட்டுக்களத்துக்கு வாங்க. ஜீப்பு இருக்குதானே. பார்த்ததை எழுதுங்க. பேப்பர்காரன் செய்யாததைச் செய்ங்க."

இதைத் தமிழில் சொன்னாள். இந்தத் தடவை நான் ஒரு சொல்லும் விடாமல், குரலைத் தாழ்த்தாமல் மொழிபெயர்த்தேன். பெரிய வீரம் இல்லை. ஆனாலும் செய்தேன்.

அவர் வந்தார். மடுவத்தைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், மரவாளின் ஈயத்தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மொத்தம் இருபது நிமிடம். ஒரு கிழமைக்கு முன்பே பார்த்திருக்கக்கூடிய இருபது நிமிடம். மேற்படி பத்திரிகை உண்மைத்தன்மை பாராமல் செய்தி வெளியிடுவது என்பதால் அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது, நேரில் பார்வையிட்டதில் அது சமயக் கூத்து எனக் கண்டேன் என்று எழுதினார். அவள் சாட்சியாகக் கைநாட்டு வைக்குமுன் முழுவதையும் என்னை வாசிக்கச் சொன்னாள். அதிலும் என் விரலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

திரும்பும் வழியில் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "தங்கச்சி, அந்த மிளகுக் கதை உண்மையா இருந்தா?" லொறிக்காரர்கள் சிலர் வேறு மாதிரிப் பேசுவதை நானும் கேட்டிருந்தேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? அவரு வீட்டுப் பின்னால நான் போய்ப் பார்த்தேனா?" என்றாள். "நெசமா இருந்தா அதையும் எவனாவது போய்ப் பார்த்துட்டு எழுதணும். இவனுங்க போட்டதால அது நெசமும் இல்ல, பொய்யும் இல்ல."

செவ்வாய்க்கிழமை காமனை எரித்தார்கள். முத்துவீரன் இல்லாமல், அவன் தம்பி வீரபத்திரன் வேடம் கட்டினான். வேண்டாம், இந்த வருடம் விடுவோம் என்று தொழிற்சங்கத் தலைவர் சொன்னதற்கு, புருசன் இல்லாத நானே ஆடச் சொல்றேன், உங்களுக்கு என்ன என்று கேட்டிருக்கிறாள். எந்தக் கடையும் எரியவில்லை. பத்திரிகை அதைப் பற்றி ஒரு வரி போடவில்லை. மன்னிப்பும் போடவில்லை. நான் அதை வாங்குவதை நிறுத்தினேன், அதனால் அதற்கு ஒரு நட்டமும் இல்லை.

பொறுப்பதிகாரி எழுதியது கொழும்புக்குப் போனதால் புதன்கிழமை முத்துவீரனை முகாமுக்கு அனுப்பவில்லை; வியாழக்கிழமை காலை அவனை விட்டார்கள். நானும் போயிருந்தேன். நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். பொறுப்பதிகாரி வாசல்வரை வந்து, விரலை ஆட்டிச் சொன்னார்: "போ. ஆனால் அடுத்த வருடம் இந்தக் கூத்துக் கீத்து ஒன்றும் வேண்டாம். விளங்கியதா?"

முத்துவீரன் தலையாட்டப் போனான். காத்தாயி அவன் முன்னால் வந்து நின்றாள். இந்தத் தடவை என்னைப் பார்க்கவே இல்லை. தன் கடைச் சிங்களத்திலேயே சொன்னாள்.

"அடுத்த மாசி மூணாம் பிறைக்கு ஊன்றுவோம் மாத்தயா. இவருதான் வீரபத்திரன். நீங்களும் வாங்க. அந்தப் பேப்பர்காரனையும் கூட்டிட்டு வாங்க. கடைசிவரைக்கும் உக்காந்து பார்க்கட்டும். பார்த்துட்டு எழுதட்டும்."